கேலாங் பாரு கொலைகள்: சந்தேகம் உண்டு, ஆதாரம்?

1979 ஜனவரி 6, சனிக்கிழமை. கேலாங் பாரு, புளோக் 58. பள்ளி மினிபஸ் ஓட்டும் பெற்றோர் காலை ஆறரை மணிவாக்கில் வேலைக்குக் கிளம்பினர். பிள்ளைகளை எழுப்ப அம்மா மூன்று முறை ஃபோன் செய்தார், யாரும் எடுக்கவில்லை. பத்து மணிக்குமேல் வீடு திரும்பினால், 5 முதல் 10 வயதுவரையிலான நான்கு பிள்ளைகளும் குளியலறையில் வெட்டுண்டு கிடந்தனர்.

கொலையாளி இன்றுவரை சிக்கவில்லை. அதனாலேயே பாட்காஸ்ட், யூடியூப் துப்பறிவாளர்களுக்கு இந்த வழக்கை விட மனமில்லை. கதவு உடைக்கப்படவில்லை, எதுவும் திருடுபோகவில்லை. அப்படியென்றால் தெரிந்தவரா?

சந்தேகத்தைக் கூட்டுவது ஒரு சீனப் புத்தாண்டு வாழ்த்து அட்டை. கொலை நடந்து இரண்டு வாரத்தில் பெற்றோருக்கு வந்தது. இனி உங்களுக்குப் பிள்ளையே பிறக்காது என்று அதில் கேலி. அம்மா கருத்தடை செய்துகொண்டது எழுதியவருக்கு எப்படித் தெரியும்? நியாயமான கேள்விதான். ஆனால் அதை அனுப்பியவர்தான் கொலையாளி என்று நிரூபிக்கப்படவில்லையே!

அண்டைவீட்டுக்காரர் ஒருவர் கைதாகி, ஆதாரம் போதாமல் விடுவிக்கப்பட்டார். இணையத்தில் சிலருக்கு இன்னமும் அவர்தான் 'குற்றவாளி'. சிக்கலே இங்கேதான். ஆயுதம் கிடைக்கவில்லை. குற்ற விசாரணையில் டிஎன்ஏ சோதனை வந்ததே 1980களின் நடுவில்தான்.

சிங்கப்பூரில் கொலைக்கு வழக்குத் தொடுக்கக் காலவரம்பு கிடையாது. உறுதியான ஆதாரம் வந்தால், இப்போதும் வழக்குத் தொடுக்கலாம்.