கையோடு வந்த போல்ட்: ஒரு பழைய ஸ்கீ போட்டின் கதை

இன்னைக்குக் கதை ஒரு போல்ட்டில் ஆரம்பிக்குது.

நான் மினசோட்டாவில் வேலை பார்த்த காலம். செப்டம்பர் கடைசி. ஏரித் தண்ணி குளிர ஆரம்பிச்சு, சீசன் முடிஞ்சு, வீட்டு வாசல்களில் எல்லாம் விலை அட்டை மாட்டின போட்டுகள் நிக்கிற நேரம். கூட வேலை பார்த்த நண்பன் ஒருத்தன், மதுரைக்காரன், அங்கே வந்து வாட்டர் ஸ்கீ பைத்தியம் பிடிச்சவன். மூணு வருஷமா சேர்த்த காசில் ஒரு பழைய ஸ்கீ போட் வாங்கணும்னு நின்னான். "மச்சான், உனக்குத்தான் பழைய சாமான்னா பிடிக்குமே, சும்மா கூட வா"ன்னு இழுத்துட்டுப் போனான்.

1980களில் செஞ்ச போட். எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்லை. அந்தக் காலத்தில் பல கம்பெனிகள் ஒரே மாதிரிதான் கட்டினாங்க, ஒருத்தர் பேரை மட்டும் இழுக்கிறது நியாயமில்லை. வெளியே பார்த்தா வெள்ளையும் நீலமுமா, மெழுகு போட்டுத் தேய்ச்சு, முகம் பார்க்கலாம். விற்கிறவர் எழுபது வயசுப் பெரியவர். தன் பிள்ளைங்க மூணு பேரும் இதுக்குப் பின்னாடிதான் ஸ்கீ கத்துக்கிட்டாங்கன்னு சொன்னார்.

எஞ்சின் மூடியைத் திறந்தார். எஞ்சினை போட்டோட பிடிச்சிருக்கிற தடிமனான போல்ட் ஒண்ணில் நண்பன் ஸ்பேனரை வச்சுத் திருகினான். இறுகலை. சும்மா சுத்துச்சு. விரலால் இழுத்தான். கையோட வந்துடுச்சு. மரையில் ஈரமா, டிகாக்‌ஷன் போட்டு மிச்சமான காப்பித்தூள் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது.

அந்தக் காப்பித்தூள் அங்கே எப்படி வந்ததுன்னு சொல்லணும்னா, நாம அந்த வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற இன்னொரு ஊருக்கும், 1922க்கும் போகணும்.

மிசிசிப்பி ஆறு மினசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் நடுவில் ஓரிடத்தில் அகலமாகி ஏரி மாதிரி ஆயிடும். லேக் பெப்பின்னு பேர். அதோட கரையில் லேக் சிட்டின்னு ஒரு சின்ன ஊர். அங்கே ரால்ஃப் சாமுவேல்சன்னு பதினெட்டு வயசுப் பையன். பனியில் சறுக்கலாம்னா தண்ணியில் ஏன் சறுக்கக் கூடாதுன்னு அவனுக்கு ஒரு யோசனை. முதல்ல பீப்பாய்ப் பலகையைக் காலில் கட்டிப் பார்த்தான், முழுகினான். பனிச்சறுக்குப் பலகையை மாட்டிப் பார்த்தான், அதுவும் முழுகிச்சு. கடைசியில் எட்டடி நீளம், ஒன்பது அங்குல அகலத்தில் ரெண்டு பைன் பலகை வாங்கி, அம்மா துணி வெளுக்கிற அண்டாவில் நுனியைக் கொதிக்க வச்சு வளைச்சான். அண்ணன் பென் போட் ஓட்ட, ஜூலை 2ஆம் தேதி, தன் 19ஆவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், பலகை நுனியை மேலே தூக்கிப் பின்னால் சாஞ்சு உட்கார்ந்தபடி எழுந்து நின்னுட்டான்.

ஆனா அவன் காப்புரிமை எதுவும் வாங்கலை. 1925இல் ஃபிரெட் வாலர்னு ஒருத்தர் வாங்கினார். பின்னாடி சினிராமா திரையைக் கண்டுபிடிச்சாரே, அதே வாலர்தான். சாமுவேல்சன்தான் முதல் ஆள்னு அமெரிக்க வாட்டர் ஸ்கீ சங்கம் ஒத்துக்கிட்டது 1966இல்.

இந்தக் கதையைக் கேட்கிற எல்லாரும் பலகையைத்தான் பார்ப்பாங்க. நான் போட்டைப் பார்க்கச் சொல்றேன். பென் ஓட்டினது சாதாரண லாஞ்ச். ஆள் இழுக்கிறதுக்குன்னு செஞ்சதில்லை. அதுக்கப்புறம் நாற்பது வருஷம் கிட்டத்தட்ட அப்படித்தான்; எந்த வேகப் படகு கிடைச்சாலும் கயிறைக் கட்டிட்டாங்க. அதில் ஒரு தொல்லை இருக்கு. கயிறை போட்டின் பின்முனையில் கட்டினா, ஸ்கீ பண்றவர் ஒரு பக்கமா வெட்டிப் போகும்போது பின்பக்கத்தையே இழுத்துட்டுப் போயிடுவார், மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். இன்னைக்கு ஸ்லாலம் போட்டியில் 259 மீட்டர் நீளத்தில் ஆறு மிதவையைச் சுத்தணும். ஆண்கள் பிரிவில் போட் மணிக்கு 58 கிலோமீட்டரில் போகும், மொத்தமே சுமார் 16 நொடி. அதில் போட் நெளிஞ்சா போட்டியே இல்லை.

மயாமியில் ஸ்கீ சொல்லிக் கொடுத்துட்டிருந்த லியோ பென்ட்ஸ் இதுக்குன்னே ஒரு ஃபைபர் போட்டை வடிவமைச்சார். அந்த அச்சை ஃப்ளோரிடாவின் கரெக்ட் கிராஃப்ட் கம்பெனி வாங்கி, 1961இல் ஸ்கீ நாட்டீக்னு விட்டாங்க. ஏழு வருஷம் கழிச்சு ராப் ஷர்லி டென்னசியில் ஒரு குதிரைக் கொட்டகையில் மாஸ்டர்கிராஃப்ட்டை ஆரம்பிச்சார். போகப்போக எல்லாரும் ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்தாங்க: எஞ்சின் போட்டின் நடுவில், அதுக்கு முன்னால் கயிறு கட்ட ஒரு இரும்புக் கம்பம், எஞ்சினிலிருந்து நேரா சாய்வா இறங்குற தண்டு, அடிப்பக்கத்துக்குக் கீழே ப்ரொப்பெல்லர், நேராப் போக வைக்க அடியில் சின்னச் சின்னத் துடுப்புகள். எடை நடுவில் இருக்கிறதால் பின்னால் எழும்புற அலையும் தட்டையா இருக்கும்.

ஆக, ஒரு கார் எஞ்சின் அளவு வி8, அத்தனை எடையும் இழுவிசையும் போட்டின் வயிற்றில் ஒரே இடத்தில் உட்காருது. அதைத் தாங்குறது யாரு?

ஃபைபர் கிளாஸ்ங்கிறது கண்ணாடி நூல்துணியும் ரெசினும். நம்ம சென்னைக் கடற்கரையில் வரிசையா நிக்கிற ஃபைபர் போட்டைத் தட்டிப் பார்த்திருப்பீங்க, ஓடு மாதிரி இருக்கும். ஓடு வளையும். அது வளையாம இருக்க உள்ளே நீளவாக்கில் உத்தரம் மாதிரி கட்டைகள் வேணும். ஸ்ட்ரிங்கர்னு சொல்வாங்க. 60கள், 70கள், 80கள் வரை நிறையப் பேர் அதுக்கு மரத்தைத்தான் வச்சாங்க. புரிஞ்சுக்க முடியுது, போட் கட்டுறவங்க தலைமுறை தலைமுறையா மரத்தோட வளர்ந்தவங்க, மரம் மலிவு, பலமும் உண்டு. மேலே கண்ணாடித் துணியைச் சுத்தி ரெசின் பூசிட்டா தண்ணி தொடாது, பிறகென்ன?

தண்ணி தொடாதுதான். ஆனா எஞ்சினை மாட்டணுமே! பூசின கட்டையிலேயே ஓட்டை போட்டு போல்ட்டை இறக்கினாங்க. எஞ்சின் அதிர அதிர அந்த ஓட்டை நூலளவு நூலளவா விரியும், அடியில் தேங்குற தண்ணி உள்ளே கசியும். முழு மரப் படகாக இருந்தா வெயிலில் காயும், உளுத்தால் கண்ணுக்குத் தெரியும். இங்கே வெளியே போக வழியில்லாத ஈரம் உறைக்குள்ளேயே இருந்து பூஞ்சை பிடிக்கும். மேலே கண்ணாடி உறை முழுசா, அழகா இருக்கும். உள்ளே காப்பித்தூள். பாதுகாக்கப் போட்ட உறைதான் நோயையும் மறைச்சது.

கரெக்ட் கிராஃப்ட் 1993 மாடலில் மரத்தையே விட்டுட்டாங்க. அதனால்தான் பழைய ஸ்கீ போட் பார்க்கப் போறவங்க முதல்ல கேட்கிறது வருஷம். பின்பலகையின் வலப்பக்க மேல்மூலையில் பன்னிரண்டு எழுத்து எண்ணில் ஒரு குறியீடு பொறிச்சிருக்கும். 1972 நவம்பரிலிருந்து அமெரிக்காவில் அது கட்டாயம். அதோட கடைசிப் பகுதியில் வருஷம் தெரியும்.

அப்புறம் தட்டிப் பார்க்கணும், தேங்காயைத் தட்டுற மாதிரி. சுத்தியல் பிடியால் ஸ்ட்ரிங்கரைத் தட்டினா நல்ல மரம் 'டக்'குன்னு சொல்லும், உளுத்தது 'பொத்'துன்னு. எஞ்சின் போல்ட்டை இறுக்கிப் பாருங்க. தரையில் வெறுங்காலோட நடங்க, மெத்து மெத்துன்னு இருக்கிற இடத்தைக் குறிச்சுக்கோங்க. முடிஞ்சா டிரெய்லரோட எடை மேடையில் ஏத்துங்க: தரைக்கடியில் மிதப்புக்காக அடைச்சிருக்கிற நுரை, ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணி குடிச்சிருந்தா எடை சொல்லிடும்.

எஞ்சினுக்கு வேற சரித்திரம், குளிர்நாட்டுச் சரித்திரம். பெரும்பாலும் இந்த எஞ்சின்கள் ஏரித் தண்ணியையே உறிஞ்சித் தன்னைக் குளிர வச்சுக்கும். இலையுதிர் காலத்தில் அந்தத் தண்ணி முழுக்க வடியணும். மறந்தா, பனிக்காலத்தில் அது உறையும். உறையும்போது கிட்டத்தட்ட ஒன்பது சதவீதம் விரியும். இரும்பு பிளாக் வெடிக்கும். ஒரே ஒரு வருஷம், ஒரே ஒரு மறதி போதும். அதுக்காகத்தான் ஆயில் குச்சியை உருவிப் பார்க்கிறது. பால் கலந்த மாதிரி இருந்தா உள்ளே தண்ணி போயிருக்கு. நீங்க போறதுக்கு முன்னாடியே எஞ்சினைச் சூடேத்தி வச்சிருந்தாங்கன்னா, ஏன்னு கேளுங்க. குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது. டிரெய்லரில் வச்சு ஓட்டிக் காட்டினா, ஹோஸ் போட்டுத் தண்ணி குடுத்திருக்காங்களான்னு பாருங்க. தண்ணி இல்லாம ஓட்டினா பம்ப்பில் இருக்கிற ரப்பர் இம்பெல்லர் கருகிடும்.

சோதனைன்னு பேசும்போது எனக்கு எப்பவும் ஞாபகம் வர்றது கரெக்ட் கிராஃப்ட்டின் இன்னொரு கதை. 1925இல் டபிள்யூ.சி. மெலூன் ஆரம்பிச்ச குடும்பக் கம்பெனி, ரொம்ப பக்தியான குடும்பம். 1945இல் ரைன் நதியைக் கடக்க ராணுவத்துக்கு அவசரமா படகு தேவைப்பட்டப்போ, சில வாரத்தில் நானூறு படகு கட்டிக் கொடுத்தாங்க, அதுவும் ஞாயித்துக்கிழமை லீவு விட்டுட்டு. அந்தப் பேரோட 1950களின் கடைசியில் மூவாயிரம் படகுக்கு இன்னொரு ராணுவ ஒப்பந்தம் கிடைச்சது. குடும்பம் சொல்றபடி, தரம் பார்க்க வந்தவங்க தரப்பிலிருந்து காசு கேட்டாங்க, இவங்க குடுக்கலை. அதுக்கப்புறம் படகு படகா நிராகரிச்சாங்க. 1958இல் கம்பெனி திவால் பாதுகாப்புக்கு நீதிமன்றம் போச்சு. மூணு வருஷத்தில் ஸ்கீ நாட்டீக் வந்து தூக்கி நிறுத்தினது வேற விஷயம். கடன்காரங்களைத் தேடித் தேடிப் பைசல் பண்ணி முடிக்க 1984 ஆச்சு.

நல்ல படகைக் கெட்டதுன்னு சொல்ற சோதனை ஒண்ணு. கெட்ட படகை நல்லதுன்னு சொல்ற விற்பனை ஒண்ணு. நாங்க நின்ன வாசலில் ரெண்டாவதுன்னுதான் நான் முதல்ல நினைச்சேன்.

நண்பன் அந்த போல்ட்டை உள்ளங்கையில் வச்சுக்கிட்டு என்னைப் பார்த்தான். தமிழில், சத்தமில்லாம, "என்னடா பண்றது? திரும்ப வச்சுட்டுப் போயிடலாமா? மனுஷன் பாவம்"ன்னான். உடனே அடுத்த மூச்சில், "இல்ல, இதைக் காட்டிப் பாதி விலைக்குக் கேட்கலாமா?" ரெண்டுமே எனக்கும் தோணினதுதான், மறைக்க மாட்டேன்.

அதுக்குள்ள பெரியவர் கிட்ட வந்துட்டார். போல்ட்டை வாங்கிப் பார்த்தார். நுனியை விரலால் தேய்ச்சார். குனிஞ்சு அடுத்த போல்ட்டை அவரே திருகினார். அதுவும் சுத்துச்சு. மூணாவது இறுகிச்சு. நாலாவது சுத்துச்சு. ரொம்ப நேரம் எஞ்சினைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். எத்தனை வருஷமா இப்படி இருந்திருக்கும்னு கேட்டார். தெரியலைன்னோம். போன வருஷம்கூட பேரப் பிள்ளைகளை இதில்தான் இழுத்தேன்னார்.

அவருக்குத் தெரியாதுங்க. இருபது தடவைக்கு மேல ஆயில் மாத்தியிருக்கார், ஒவ்வொரு பனிக்காலமும் தண்ணி வடிச்சிருக்கார், மெழுகு போட்டுத் தேய்ச்சிருக்கார். போல்ட்டை இறுக்கிப் பார்க்கணும்னு அவருக்கு யாரும் சொல்லலை.

நாலு மணிக்கு வேற ஒருத்தர் போட்டைப் பார்க்க வர்றதா இருந்தது. அதை எங்களை அவசரப்படுத்த முதல்லயே சொல்லியிருந்தார். இப்ப உள்ளே போய்ப் பேனா எடுத்துட்டு வந்து, கண்ணாடியில் ஒட்டியிருந்த அட்டையில் விலையை அடிச்சுட்டு, கீழே "ஸ்ட்ரிங்கர் உளுத்திருக்கு, எஞ்சின் மட்டும் நல்லாயிருக்கு"ன்னு எழுதினார்.

நண்பன் அந்த அட்டையைப் பார்த்துட்டே நின்னான். வாங்கிடலாமான்னு ஒரு நிமிஷம் ஊசலாடினான்னு நினைக்கிறேன். தரையை அறுத்து, எஞ்சினை இறக்கி, கட்டையை மாத்தணும்னா ஒரு பனிக்காலம் முழுக்க வேலை, சூடேத்தின கொட்டகை வேணும். அவன் இருந்தது மூணாவது மாடி அபார்ட்மென்ட்டில்.

திரும்பி வரும்போது லேக் சிட்டியில் வண்டியை நிறுத்தி, ஏரிக்கரையில் ஆளுக்கொரு காப்பி குடிச்சோம். அவன் மட்டும் கடைசியா இருந்த தூளைக் கொட்டிட்டான்.

அடுத்த வசந்தத்தில் 90களின் நடுவில் செஞ்ச, மரமே இல்லாத ஒரு போட்டை வாங்கினான். முதல் நாளே இம்பெல்லர் போச்சு. அதை இன்னொரு எபிசோட்ல சொல்றேன். வரட்டா?