கருமத்தம்பட்டியிலிருந்து ஃப்ரீடவுன் வரை

வீரமாமுனிவரையும் கால்டுவெல்லையும் தமிழுலகம் மறவாது; அவர்கள் விட்டுச்சென்ற நூல்கள் அத்தகையன. இலக்கணமோ அகராதியோ எழுதாத மறைப்பணியாளரை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அவ்வாறு மறக்கப்பட்டோருள் ஒருவர், மேற்கு ஆப்பிரிக்காவில் மறைந்த கத்தோலிக்க ஆயர் மரியோன் தெ பிரெசியாக்.

1813இல் தென்பிரான்சில் பிறந்த இவர், பாரிசு அயல்நாட்டு மறைபரப்புச் சபையினராய் 1842இல் புதுச்சேரியை அடைந்தார். சேலத்தில் பணியாற்றிப் பின்பு புதுச்சேரிக் குருமடத்தின் தலைவரானார். 1846இல் கோவையை அடுத்த கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பெற்றார்.

இங்கே அவரை வருத்திய வினாக்கள் இரண்டு. மண்ணின் மைந்தரைக் குருக்களாக்கி அவர்களிடம் திருச்சபையை ஒப்படைப்பதே மறைப்பணியாளனின் முதற்கடமை என்பது அவர் கொள்கை. ஐரோப்பியக் குருக்கள் பலரோ இந்தியக் குருவைத் தமக்கு நிகராக ஏற்கத் தயங்கினர். இரண்டாவது வினா சாதி. நம் மாதனூர் சூழ்ந்த பாலாற்றங்கரைக்கும் அது புதிதன்று. மலபார் சடங்குகள் குறித்து 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் விதித்த தடைகள் நடைமுறையில் இருந்தன. கிறித்தவர் கைக்கொண்ட வழக்கங்களுள் எவை சமயச் சடங்கு, எவை வெறும் சமூக வழக்கு? தெளிவான தீர்ப்பை உரோமையிடம் வேண்டினார். மனச்சான்றை அமைதிப்படுத்தும் விடை கிட்டவில்லை. பதவி விலக முன்வந்தார். 1855இல் உரோமை அதனை ஏற்றது.

அத்துடன் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1856 டிசம்பர் 8 அன்று லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். தகோமே நாட்டுக்குச் செல்லவே விரும்பினார். உரோமையோ பிரித்தானியக் குடியேற்றமான சியரா லியோனை அளித்தது. விடுதலை பெற்ற அடிமைகள் குடியமர்த்தப்பட்ட அதன் தலைநகர் ஃப்ரீடவுனை 1859 மே 14இல் அடைந்தார். நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது. தோழர்கள் ஒருவர்பின் ஒருவராய் மாண்டனர். ஜூன் 25இல் ஆயரும் மறைந்தார். அகவை 45, ஆப்பிரிக்க மண்ணில் அவர் வாழ்ந்தது 42 நாள்களே.

லியோனில் இருந்த அகுஸ்தின் பிளாங்க் சபையைக் கலையவிடாது காத்தார். 1861இல் அதன் பணியாளர் தகோமேயை அடைந்தனர். இன்று அச்சபையில் ஆப்பிரிக்கரும் இந்தியரும் குருக்களாய் உள்ளனர். 2020இல் போப் பிரான்சிசு பிரெசியாக்கை 'வணக்கத்துக்குரியவர்' என அறிவித்தார்.

கோவைக்கு இந்தியர் ஒருவர் ஆயராக வாய்த்தது 1940இல். பிரெசியாக் விலகி 85 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவருடைய வினாக்களுள் ஒன்றுக்கு அவ்வாறு விடை கிடைத்தது. மற்றொன்றான சாதிக்கு நாம் இன்னும் விடை சொல்லவேண்டியிருக்கிறது.