நிழல் கொசு, வெயில் கொசு: ஒரு மலாயாக் கதை

கொசுன்னா நமக்குத் தெரிஞ்ச ஆயுதம் ரெண்டு மூணுதான். சுருள், மேட், அப்புறம் அந்த டென்னிஸ் மட்டை மாதிரி பட் பட்னு வெடிக்கிற சைனா பேட். முனிசிபாலிட்டிக்காரர்கள் வந்தால் புகை. மருந்தே இல்லாமல் ஒரு ஊரையே மலேரியாவில் இருந்து மீட்ட கதை ஒன்று இருக்கிறது. நம்ம ஆட்கள் நிறைய பேர் சம்பந்தப்பட்டதும்கூட. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படிங்க.

மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தது 1897 ஆகஸ்டில். நாலே வருஷம் கழித்து, 1901-ல் மலாயாவின் கிள்ளானுக்கு மருத்துவராக வந்து சேர்கிறார் மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். வந்த நேரம் அப்படி. ஊர் முழுக்க காய்ச்சல். பக்கத்தில் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை (இன்றைய கிள்ளான் துறைமுகம்) அந்த செப்டம்பரில்தான் புதுசாகத் திறந்தார்கள். திறந்த கொஞ்ச நாளிலேயே ஆட்கள் கொத்துக் கொத்தாகப் படுத்துவிட, துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று பேச்சு வந்தது.

வாட்சன் செய்தது ரொம்ப சிம்பிள். ஊரைச் சுற்றி இருந்த காட்டை வெட்டினார், சதுப்புக்கு வாய்க்கால் வெட்டினார், கடல் தண்ணீர் ஏறும் இடத்தில் கரை கட்டினார். விளைவைப் பாருங்கள். கிள்ளான் ஊரிலிருந்து மலேரியாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் 1901-ல் 334 பேர். 1902-ல் 129, 1903-ல் 48, 1905-ல் வெறும் 12. துறைமுகத்தில் 188 என்று இருந்தது 1905-ல் 11. தற்செயலா இருக்குமோன்னு சந்தேகப்படுறவங்களுக்கு: வேலை நடக்காத மற்ற பகுதிகளில் இருந்து வந்தவர்கள் அதே காலத்தில் 197-லிருந்து 353 ஆகக் கூடியிருக்கிறார்கள். இதைவிட சுத்தமான டெஸ்ட் கேஸ் கிடைக்காது.

இதுவரைக்கும் நல்லா இருந்தது. அடுத்துதான் சுவாரஸ்யம்.

ரப்பர் விலை ஏறியது. தோட்டங்கள் கடலோரச் சமவெளியை விட்டு மேடும் பள்ளமுமான உள்நாட்டுக்கு நகர்ந்தன. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போன தமிழ்க் குடும்பங்கள் அந்த லயன்களில் தங்கின. அங்கேயும் துரைமார் அதே வைத்தியத்தைச் செய்தார்கள்: காட்டை வெட்டு, ஓடையைச் சுத்தம் செய். காய்ச்சல் குறையவில்லை. கூடிவிட்டது! ஒரு சர்வரில் அழகாக ஓடிய புரோகிராம் இன்னொன்றில் ஏற்றியதும் மொத்தத்தையும் கவிழ்த்துவிடுமே, அப்படி.

காரணத்தைத் தேட வாட்சன் பிடித்த அளவுகோல் குழந்தைகளின் மண்ணீரல். மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் அது வீங்கிவிடும். தோட்டம் தோட்டமாகப் போய் கூலிகளின் பிள்ளைகளுடைய வயிற்றைத் தடவிப் பார்த்துக் கணக்கெடுத்தார். எத்தனை பிள்ளைக்கு வீக்கம், வீட்டிலிருந்து காடு எவ்வளவு தூரம் என்று. படிக்கும்போது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாம் சாதாரணமாக 'டேட்டா' என்று சொல்வது அங்கே நம்ம ஊர்க் குழந்தைகளின் வயிறு.

தெரியவந்தது இதுதான். கடலோரத்தில் நோய் பரப்பியது அனாபிலிஸ் அம்புரோசஸ். காட்டு நிழலில் தேங்கிய தண்ணீர்தான் அதற்கு வீடு. மரத்தை வெட்டி நீரை வடித்தால் காலி. மலைப்பாங்கான இடத்தில் பரப்பியது அனாபிலிஸ் மாக்குலேட்டஸ். அதற்கு வேண்டியது வெயில் படுகிற, தெளிவான, ஓடுகிற தண்ணீர். காட்டை வெட்டி ஓடையைத் துலக்கி வைத்தவர்கள் தங்கள் கையாலேயே அதற்கு மாளிகை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்!

அப்புறம் என்ன வழி? சீஃபீல்டு தோட்டத்தில் 1911 வாக்கில் பள்ளத்தாக்கு ஓடைகளை மண்ணுக்கடியில் சுட்ட களிமண் குழாய் பதித்து அதற்குள் ஓட விட்டார் வாட்சன். வெளியே தண்ணீரே தெரியாது, கொசு எங்கே போய் முட்டையிடும்? செலவுதான் ஜாஸ்தி. அதனால் தண்ணீர் மேல் எண்ணெய் ஊற்றுவதும் பின்னால் வந்தது; அதைச் சுற்றுச்சூழல் கணக்கில் சேர்க்க எனக்கு மனசில்லை. சதுப்பையும் காட்டையும் அழித்ததும் அப்படித்தான், இன்றைக்கு யாரும் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடாத வேலை.

எனக்குப் பிடித்தது வேறு ரெண்டு உத்தி. ஒன்று, ஓடைக்கரையில் செடி கொடிகளை அடர்த்தியாக வளர விட்டு நிழல் கட்டுவது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலும் அனாபிலிஸ் மினிமஸுக்கு எதிராக இதைச் செய்தார்கள். இன்னொன்று, ஓடையில் சின்ன அணை கட்டி ஒரு சைஃபன் வைப்பது. தண்ணீர் நிரம்பினதும் தானாகவே ஒரே மூச்சில் பாய்ந்து புழுவையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். நம்ம ஊர் ஃபிளஷ் டேங்க் கணக்காக :-) கரண்ட் வேண்டாம், மருந்து வேண்டாம், ஆள்கூட வேண்டாம்.

எந்த கொசு என்று பார்த்து அதன் வீட்டை மட்டும் கெடுக்கிற இந்த முறைக்கு 'ஸ்பீசிஸ் சானிடேஷன்' என்று பேர். டச்சு இந்தியாவிலும் (இன்றைய இந்தோனேசியா) இதைப் பெரிய அளவில் செய்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து டிடிடி வந்ததும் எல்லாரும் இதைப் பரணில் போட்டுவிட்டார்கள். எந்த கொசுவாக இருந்தால் என்ன, தெளி! 1950-களிலேயே கொசுக்கள் டிடிடிக்குப் பழகத் தொடங்கிவிட்டன.

வாட்சனுக்கு 1924-ல் சர் பட்டம் கிடைத்தது. வாய்க்கால் வெட்டின ஆட்களின் பேரை நானும் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட சிக்கவில்லை. உங்க தாத்தா, பாட்டி யாராவது கிள்ளான், சிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் இருந்தவங்களா? காய்ச்சல் காலம் பற்றி வீட்டில் ஏதாவது பேசிக் கேட்டிருந்தால் சொல்லுங்களேன்.