முற்றத்துத் தொலைநோக்கிகள்: எழும்பூர் முதல் காவலூர் வரை

ஷஅபான் மாதத்தின் 29ஆம் நாள் மஃரிபு வேளையில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து மாடிகளில் மக்கள் மேற்கு வானை நோக்கி நிற்பதைக் காண்கிறோம். பிறை தென்பட்டாலும், மாதத்தை முப்பதாகப் பூர்த்தி செய்வதென்று அறிவிப்பு வந்தாலும், சற்று நேரத்தில் மாடிகள் வெறிச்சோடிவிடுகின்றன. ஆயினும் பிற இரவுகளிலும் சிறு தொலைநோக்கி ஒன்றை முக்காலியில் நிறுத்தி, வியாழனின் துணைக்கோள்களையும் சனியின் வளையத்தையும் தேடும் சிலர் இருக்கின்றனர். அவர்களைப் பொழுதை வீணாக்குவோராகக் கருதும் போக்கு நம்மிடையே இல்லாமலில்லை. பிறை காண்பதில் கருவிக்குரிய இடம் யாது என்பது ஆலிம்களின் துறை. அதனுள் நாம் புகவில்லை. நாம் இங்கே சொல்ல விழைவது வேறு. தென்னிந்தியாவின் பெயர் பெற்ற வான் நோக்ககங்கள் இரண்டு, இத்தகைய தனிமனிதர் ஆர்வத்தில், அவரவர் சொந்தச் செலவில் பிறந்தவை. அவற்றுள் ஒன்று ஒரு முஸ்லிம் பிரபு நிறுவியது. அவர் பெயரை நம்மவருள் எத்தனை பேர் அறிவர்?

பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே கிழக்கு நோக்கிச் சென்றால் எழும்பூரை அடைகிறோம். 1786இல் வில்லியம் பெட்ரி என்பவர் இங்கே தமக்கென ஒரு நோக்ககம் அமைத்தார். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. வானியல் அவருக்கு உத்தியோகமன்று, விருப்பம். மூன்று அங்குலத் தொலைநோக்கிகள் இரண்டு, வானியல் கடிகாரங்கள் இரண்டு, விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கும் நொடியைக் குறிக்கும் கருவி ஒன்று ஆகியனவே அவரிடம் இருந்தவற்றுள் முதன்மையானவை. மூன்று அங்குலம் என்பது 76 மில்லிமீட்டர். இன்று பள்ளி மாணவருக்கெனக் கடைகளில் விற்கும் தொலைநோக்கிகளின் அளவும் ஏறத்தாழ அதுவே. இருளில் நன்கு விரிந்த கண்மணியைவிட நூறு மடங்குக்கு மேலான ஒளியை அது திரட்டித் தரும்.

இத்துணைச் சிறிய கருவியால் ஆவதென்ன என்று கேட்கலாம். வியாழனின் துணைக்கோள் ஒன்று அக்கோளின் நிழலுக்குள் மறையும் நொடி உலகெங்கும் ஒரே நொடியாகும். அதனைக் கிரீனிச்சில் இருப்பவர் தம் ஊர்க் கடிகாரப்படியும், சென்னையில் இருப்பவர் தம் ஊர்க் கடிகாரப்படியும் குறித்துவைத்தால், இரண்டு நேரங்களுக்கும் இடையிலான வேறுபாடே இரண்டு ஊர்களுக்கும் இடையிலான நெடுங்கோட்டு வேறுபாட்டைத் தந்துவிடும். நான்கு நிமிடத்திற்கு ஒரு பாகை என்பது கணக்கு. சென்னை கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முற்பட்டது. அப்படியாயின் நெடுங்கோடு 80 பாகையைச் சற்றே கடக்கிறது. இயற்கைத் துறைமுகம் இல்லாத சோழமண்டலக் கரையில் கப்பல் செலுத்துவோருக்கு இக்கணக்கு உயிர்காப்பாக இருந்தது. கம்பெனியார் வானியலில் அக்கறை கொண்டதற்குக் காரணம் இதுவேயன்றி ஞானதாகம் அன்று.

1789இல் பெட்ரி தம் கருவிகளைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். மைக்கேல் டாப்பிங்கின் முயற்சியால் 1792இல் நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது. கருவியைத் தாங்குவதற்கென 15 அடி உயரமும் சுமார் 10 டன் எடையும் உள்ள கருங்கல் தூண் ஒன்று நடப்பட்டது. அதில் இலத்தீன், தமிழ், தெலுங்கு எழுத்துக்களுடன் பாரசீக எழுத்திலும் வாசகம் பொறித்தனர். நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் அத்தூண் இன்றும் நிற்கிறது. கல்வெட்டில் நம் எழுத்தைத் தேடி வெகுதொலைவு பயணிப்போர், கல்லூரிச் சாலைக்கு ஒருமுறை போய்வரலாம். 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய மாபெரும் நில அளவைக்கு நெடுங்கோட்டு ஆதாரமாக அமைந்ததும் இந்த நோக்ககமே.

இங்கே 1840இல் பணியில் சேர்ந்தவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. 1867இல் தென்வானின் ரெட்டிகுலம் என்னும் குழுவில், ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றை அவர் கண்டறிந்தார். 1874 டிசம்பர் 9இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கவிருந்தபோது, பொதுமக்களுக்கு அதனை விளக்கிச் சிறுநூல் எழுதினார். அது உருது உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் வெளிவந்தது. தம் அறிவு தம் அலுவலகத்தோடு நின்றுவிடக் கூடாதென எண்ணிய அந்த வைணவ அறிஞரை உருது வாசகரும் நன்றியுடன் நினைக்கக் கடமைப்பட்டவர். 1868 ஆகஸ்ட் 18இன் முழுச் சூரிய கிரகணத்தை நோக்க அவர் சென்ற வனபர்த்தி, நிஜாமின் ஆட்சிப் பகுதிக்குள் இருந்தது.

அந்த ஐதராபாத்தில்தான் நம் இரண்டாவது வரலாறு நிகழ்ந்தது. நவாப் ஜஃபர் ஜங் பகதூர் செல்வமும் உயர்பதவியும் வாய்ந்த பிரபு. அவர் 15 அங்குலத் தொலைநோக்கியொன்றைக் கிரப் நிறுவனத்திடமிருந்து தருவித்து, 1901இல் பிசல்பண்டாவில் நோக்ககம் நிறுவினார். வேட்டைக்கும் மாளிகைக்கும் பெரும்பொருள் செலவிட்ட பிரபுக்கள் மலிந்திருந்த காலம் அது. வானைப் பார்ப்பதற்காகச் செலவிட்டவர் இவர். அதற்கு 'நிஜாமியா' எனப் பெயரிட்டார். 1907இல் அவர் மறைந்தபின், அடுத்த ஆண்டில் நிஜாம் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. பின்னர் அது பேகம்பேட்டைக்கு மாறி, உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் சேர்ந்தது.

1887இல் பாரிஸில் கூடிய வானியலார் முழு வானத்தையும் பல நாட்டு நோக்ககங்களுக்குப் பங்கிட்டு, ஒளிப்படம் எடுத்துப் பட்டியலிட முனைந்தனர். வானின் ஒரு பகுதியை நிஜாமியா ஏற்றது. கண்ணாடித் தகடுகளில் பதிந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக அளந்து ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இருப்பிடத்தை அங்கிருந்தோர் பட்டியலிட்டனர். பலவாண்டு உழைப்பு அது. விண்மீன்கள் ஒரு நூற்றாண்டில் எவ்வளவு நகர்ந்தன என்பதை அறிய, ஹிப்பார்கஸ் செயற்கைக்கோளின் அளவீடுகளோடு அந்தப் பழைய பட்டியல்களையும் ஒப்பிட்டே 2000இல் டைக்கோ-2 பட்டியல் உருவாயிற்று.

1944 முதல் 1960 வரை நிஜாமியாவின் இயக்குநராக இருந்தவர் அக்பர் அலி. 48 அங்குலத் தொலைநோக்கி ஒன்று ஐதராபாத்துக்கு வேண்டுமென முயன்று அதற்கு வழிவகுத்தவர் அவரே. அது 1968இல் ஜப்பால்-ரங்காபூரில் செயற்படலாயிற்று. அதே நோக்ககத்தில் உதவியாளராகப் பணியாற்றிய ஒருவரின் மகன், 1927இல் சென்னையில் பிறந்த வைணு பாப்பு. தந்தையின் பணியிடத்துத் தொலைநோக்கியில் ஒளிமாறும் விண்மீன்களைப் பார்த்துப் பழகி, மாணவப் பருவத்திலேயே கட்டுரை வெளியிட்டவர். ஹார்வர்டில் பயிலும்போது 1949இல் வால்மீன் ஒன்றைக் கண்டார். பின்னாளில் இருள் மாறாத இடம் தேடி ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தவரும் அவரே. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியே மலையேறினால் அங்கே செல்லலாம். 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே 1986இல் திறக்கப்பட்டு அவர் பெயரையே பெற்றது. அவரோ 1982இல் மறைந்துவிட்டார். வாணியம்பாடியின் மதரஸாக்களையும் கல்லூரியையும் பெருமையோடு குறிப்பிடும் நம் எழுத்துக்களில், அந்த மலைமீதிருப்பதற்கும் நவாபின் முற்றத்திற்கும் உள்ள தொடர்பு இடம்பெறக் காணோம். பக்தாதையும் சமர்கந்தையும் பாடும் நாம், ஒரு நூற்றாண்டுக்கு முன் அண்டை நகரில் நடந்ததை எழுதாமல் விட்டது வியப்பே.

சமர்கந்துக்கும் முற்பட்டவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி. கி.பி. 964 அளவில் அவர் இயற்றிய விண்மீன் நூலில், இன்று ஆண்ட்ரோமீடா எனப்படும் அண்டத்தைச் 'சிறு மேகம்' என்று குறித்தார். தொலைநோக்கி பிறக்க அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலத்தில், வெறுங்கண்ணால் கண்டு எழுதியது அது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் விளக்குகளும் நெடுஞ்சாலை விளக்குகளும் சாம்பல் பூசிய நம் வானில் அந்த மேகம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அல்தபரான் தெரிகிறது, தமிழில் உரோகிணி என்கிறோம். அதற்கு முன்னே செல்லும் ஸுரையா, அதாவது கார்த்திகைக் கூட்டம், முயன்றால் தெரிகிறது. மழை ஓய்ந்த மார்கழி முன்னிரவில், ஆவடி மாடியொன்றில் வடக்கு நோக்கி நின்று, அரபுப் பெயர் தாங்கிய மிராக் விண்மீனில் தொடங்கி, வடமேற்கே இரண்டு மங்கல் விண்மீன்களைக் கடந்து மூன்று அங்குலத் தொலைநோக்கியைச் சற்றே நகர்த்தினால், நடுவில் செறிந்து ஓரங்களில் கரையும் வெண்புகை போல் அது புலப்படுகிறது.