ஈராக்கின் விதைக் கோதுமை

இளையான்குடி மாறனார் அடியவரின் பசியைத் தீர்க்க வேண்டி, மழை கொட்டும் நள்ளிரவில் வயலுக்குச் சென்று, அன்று பகல் விதைத்த முளைநெல்லை வாரி வந்த வரலாற்றை அறியாத தமிழர் சிலரே. அவ்வரலாற்றின் உருக்கம் முழுவதும், விதை உண்ணும் பொருள் அன்று என்னும் உழவர் வழக்கத்திலே தங்கியிருக்கிறது. பஞ்ச காலத்திலுங்கூட விதைக்கென ஒதுக்கி வைத்ததைத் தொடக் கமக்காரனுடைய கை கூசும். அங்ஙனமிருக்க, 1971ஆம் ஆண்டின் இறுதியில் ஈராக் நாட்டுக் கிராமங்களிலே எண்ணற்ற குடும்பங்கள் விதைக்கென வந்த கோதுமையை அரைத்து உரொட்டி சுட்டு உண்டன. விதைப்புப் பருவம் முடிந்த பின்னரே அவர்களிற் பலருக்கு விதை கைக்கு வந்து சேர்ந்தது. அவ்விதையிலே பங்கசு நாசினியாக இரசத்தின் சேர்வை ஒன்று பூசப்பட்டிருந்தது. வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டோர் 6,530 பேர். அவர்களுள் 459 பேர் அங்கேயே மாண்டனர்.

உணவுத் தானியத்தின் மீது நஞ்சைப் பூசுவானேன் என்று கேட்கத் தோன்றும். பங்கசு எனப்படும் நுண்ணிய பூஞ்சண வகைகள் பயிருக்குச் செய்யும் கேட்டை இலங்கை மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1869இல் இத்தீவின் கோப்பித் தோட்டங்களிலே தோன்றிய இலைத்துரு நோய், சில பத்தாண்டுகளுக்குள் அப்பயிரையே வீழ்த்தி, மலைநாட்டைத் தேயிலை நாடாக்கியது. கோதுமைக்கு அத்தகைய பகை கரிப்பூட்டை நோய். அதன் வித்திகள் விதையின் மேற்புறத்தில் ஒட்டிக்கொண்டு மண்ணுக்குள் புகுந்து, முளையுடன் வளர்ந்து, கதிர் முற்றும் வேளையில் மணியின் உள்ளே மாவுக்குப் பதிலாக, அழுகிய மீனைப்போல நாறும் கரிய தூளை நிரப்பி வைக்கும். நோய் விதையோடு ஒட்டி வருவதைப் பிரான்சிய அறிஞர் தில்லே 1755இல் எடுத்துக்காட்டினார். அவர் நாட்டவரான பிரெவோ 1807இல் அது ஓர் உயிருள்ள பங்கசின் வேலையென நிறுவி, செப்புச் சல்பேற்றுக் கரைசலில் விதையை நனைத்தால் நோய் அடங்குமென்றும் கண்டார். விதைக்கு மருந்து பூசும் வழக்கம் அறிவியலின் துணையோடு வேரூன்றியது அப்பொழுதுதான்.

செப்பைவிட வீரியமிக்க பொருளாக இரசச் சேர்வைகள் முதலாம் உலகப் போர்க் காலத்தில் செருமனியிலே பயன்பாட்டுக்கு வந்தன. பின்னர் மெதயில் இரசம், எதயில் இரசம் என்னும் வகைகள் பரவின. அவற்றின் திறம் மறுக்கத்தக்கதன்று. மிகச் சிறிதளவே போதும், விதை கெடாது, முளைப்புக் குன்றாது, பயிர் செழிக்கும். விதைப்போனுடைய கணக்கில் அவை வரமாகவே தோன்றின.

ஆனால் அவற்றின் மறுபக்கம் நெடுநாட்களுக்கு முன்னரே வெளிப்பட்டிருந்தது. 1865இல் இலண்டன் நகரத்து ஆய்வுகூடம் ஒன்றில் இருமெதயில் இரசத்தைத் தயாரிக்கும் பணியில் இருந்த உதவியாளர் இருவர் நஞ்சேறிப் பின்னர் இறந்தனர். 1940இல் அன்டர், பொம்போட், இரசல் ஆகிய பிரித்தானிய வைத்தியர்கள் மூவர், விதைக்குப் பூசும் மெதயில் இரசத் தூளைத் தயாரித்த தொழிற்சாலையிலே நோயுற்ற தொழிலாளர் நால்வரைப் பற்றி எழுதினர். நடை தள்ளாடுதல், பேச்சுக் குழறுதல், கண்ணின் பார்வை வட்டம் ஓரங்களிலிருந்து சுருங்கிக் குழாய்க்குள் நோக்குவதுபோலாதல் ஆகியவையே அவர்கள் கண்ட குறிகள். நால்வருள் ஒருவர் பின்னாளில் இறந்தபோது மூளை சோதிக்கப்பட்டு, சிறுமூளையும் பார்வைக்குரிய பகுதியும் சிதைந்திருந்தமை 1954இல் வெளியிடப்பட்டது. யப்பானின் மினமாத்தா விரிகுடாவில் மீன் உண்டவர்களைத் தாக்கிய விளங்காத நோய்க்கு மெதயில் இரசமே காரணமென அந்நாட்டு ஆராய்ச்சியாளர் உணர்வதற்கு இந்தப் பழைய குறிப்புக்களே கைவிளக்காயின.

ஈராக்கும் இந்த நஞ்சை முன்னரே அறிந்திருந்தது. 1956இலும் 1960இலும் எதயில் இரசம் பூசிய விதைக் கோதுமையை உண்டு அந்நாட்டுக் கிராமத்தவர் நோயுற்றனர், உயிர்களும் போயின. ஒரே நாடு, ஒரே தானியம், ஒரே வகை நஞ்சு. ஆயினும் மூன்றாம் முறையும் அது நிகழ்ந்தது என்பதே இவ்வரலாற்றில் மனத்தை மிகவும் உறுத்தும் பகுதி.

அயல்நாடாகிய துருக்கியிலும் ஒரு பாடம் இருந்தது. அங்கே 1955 முதல் 1959 வரை, தென்கிழக்கு மாகாணங்களில், அறுகுளோரோபென்சீன் என்னும் வேறொரு பங்கசு நாசினி பூசிய விதைக் கோதுமை உணவாகியது. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனரென மதிக்கப்படுகிறது. வெயில் பட்ட தோலிற் கொப்புளங்கள் எழுந்தன, முகத்திலும் கைகளிலும் மயிர் அடர்ந்தது, சிறுநீர் செந்நிறமாயிற்று. நோயுற்ற தாயரிடம் பாலுண்ட கைக்குழந்தைகளுக்கு வந்த நோயை மக்கள் 'பெம்பே யாரா', அதாவது இளஞ்சிவப்புப் புண், என அழைத்தனர். அக்குழந்தைகளிற் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. 1959இல் அம்மருந்து நிறுத்தப்பட்டது.

இனி 1971க்கு வருவோம். முந்திய ஆண்டுகளின் வரட்சியால் விளைச்சல் குன்றிய ஈராக், மெக்சிக்கோவிலிருந்து உயர்விளைச்சல் தரும் கோதுமை விதையைப் பெருமளவில் வரவழைத்தது. கோதுமை 73,201 தொன். பார்லி 22,262 தொன். இவை பஸ்ரா துறைமுகத்தில் இறங்கி நாடெங்கும் பகிரப்பட்டன. விதை மெதயில் இரசம் பூசியது என்பதைக் காட்டச் செந்நிறச் சாயம் ஏற்றப்பட்டிருந்தது. சாக்குகளின் மேல் மண்டையோடும் குறுக்கெலும்பும் பொறித்து, ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது. ஈராக்கின் கமக்காரர் பேசிய மொழிகளோ அரபும் குர்தியும். விதையைப் பெறுவோர் அது நஞ்சென்பதை அறிந்துகொண்டதாகக் கையொப்பமோ கைநாட்டோ இடவேண்டுமென ஏற்பாடு இருந்தது. எல்லா இடங்களிலும் அது பின்பற்றப்படவில்லையெனப் பின்னர் சொல்லப்பட்டது.

சாக்கு எத்துணை உரக்கக் கூவினாலும், கேட்பவனுக்கு அந்த மொழி தெரிய வேண்டுமன்றோ! மண்டையோட்டின் பொருளுங்கூட எல்லா ஊரிலும் ஒன்றாக இருக்குமென்பது நகரத்தவரின் எண்ணமே. இதற்கிடையில் விதைப்புக் காலம் கடந்துபோயிற்று. பலர் தம்மிடமிருந்த பழைய விதையை முன்னரே தூவி முடித்திருந்தனர். வீட்டிலே உணவுத் தானியம் அருகிவர, கொழுத்த புதுக் கோதுமை மூலையிலே மூட்டையாய்க் கிடந்தது.

அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதனை உண்ணவுமில்லை. சிலர் முதலிற் கோழிக்கும் ஆட்டுக்கும் போட்டுச் சில நாள் பார்த்தனர். கோழி கொத்தித் திரிந்தது, ஆடு மேய்ந்தது. வேறு சிலர் விதையை நீரில் அலசினர். செஞ்சாயம் கரைந்து ஓடி, தானியம் வெளுத்தது. நஞ்சும் உடன் போயிற்றென நம்பினர். இரசமோ மணியில் தங்கிவிட்டது. இச்சோதனைகளை அறியாமை என்று தள்ளிவிடுதல் நியாயமன்று. தெரியாத பொருளைக் கண்டவன் செய்யக்கூடிய அறிவுள்ள செயல்கள் அவை. மெதயில் இரசத்தின் கொடுமை அது காலந்தாழ்த்தித் தாக்குவதிலே உள்ளது. உடலிற் சிறிது சிறிதாகச் சேர்ந்து, மூளையை அடைந்து, உண்ணத் தொடங்கிப் பல கிழமைகள் சென்ற பின்னரே அது தன்னைக் காட்டும். ஆட்டைச் சில நாள் கவனிப்பவனுக்கு அது அகப்படாது. பிற்பாடு மாவையும் தானியத்தையும் ஆராய்ந்தபோது கோதுமை கிலோகிராம் ஒன்றிலே சராசரி 8 மில்லிகிராம் அளவில் அந்நஞ்சு இருந்தது. சுவையாலோ மணத்தாலோ எவரும் அதனைக் கண்டுகொள்ளவில்லை.

டிசம்பர் மாதத்தின் பிற்பகுதியில் முதல் நோயாளர் வந்தனர். 1972 சனவரியில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானோர் வந்து குவிந்தனர். உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மரத்துப்போதல் முதற்குறி. அதன்பின் நடை தள்ளாடியது, சொல் குழறியது, பார்வை சுருங்கியது. கடுமையாகத் தாக்குண்டவர் குருடராயினர், செவிடராயினர், அறிவிழந்து கிடந்தனர். வைத்தியர்கள் 1960ஆம் ஆண்டின் நோயை நினைவு கூர்ந்து காரணத்தை விரைவிலே கண்டனர். அரசாங்கம் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. அஞ்சிய சிலர் எஞ்சிய தானியத்தை ஆறுகளிற் கொட்டினர் என்றும் செய்திகள் வந்தன. உடலிலிருந்து இரசத்தை வெளியேற்றும் மருந்துகள் கொடுக்கப்பட்டன. அவற்றால் இரத்தத்திலிருந்த நஞ்சு குறைந்தது. இறந்துபட்ட மூளைக் கலங்களோ மீளவில்லை. இலேசாகத் தாக்கப்பட்டவருட் பலர் காலப்போக்கிற் பெரிதும் தேறினர். வைத்தியசாலையை எட்டாமல் ஊரிலேயே இறந்தவர்கள் மேற்சொன்ன கணக்கில் அடங்கார்.

பக்தாத் பல்கலைக்கழகத்து வைத்தியர் பாக்கிரும், தம்லூஜியும், அமெரிக்காவின் றொச்செஸ்டர் பல்கலைக்கழகத்துக் கிளாக்சனும் பிறரும் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி 1973இல் வெளியாயிற்று. எவர் எவ்வளவு நஞ்சை எப்பொழுது உண்டார் என்பதை அறிய அவர்கள் கைக்கொண்ட வழி வியப்புக்குரியது. தலைமயிர் மாதமொன்றுக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் வளர்கிறது. வளரும்போது இரத்தத்திலுள்ள இரசத்தைத் தன்னுள் ஏற்றுக்கொள்கிறது. ஆதலின் பெண்களுடைய நீண்ட கூந்தலின் இழையொன்றை வேரிலிருந்து நுனிவரை அங்குலம் அங்குலமாகச் சோதித்தால், கடந்த மாதங்களின் கதை வரிசையாகக் கிடைக்கும். அக்கோதுமை வீட்டுக்குள் வந்த மாதமும், அது நின்ற மாதமும் கூந்தலிலே எழுதப்பட்டிருந்தன.

குழந்தை வைத்தியரான இலாமான் அமீன்-சாக்கி கருவுற்றிருந்த தாயரையும் அவர்தம் சேய்களையும் தொடர்ந்து கவனித்தார். தாய்க்குச் சிறிது மரத்துப்போதலே இருந்த இடத்தும், வயிற்றிலிருந்த குழந்தையின் மூளை பெரிதும் சிதைந்திருந்ததை அவர் கண்டார். தலை நிற்காத குழந்தைகள், பேச்சு வாராத குழந்தைகள், கண் தெரியாத குழந்தைகள் இருந்தன. நஞ்சு நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடந்து, சேயின் இரத்தத்திலே தாயின் இரத்தத்திலும் மிகுதியாய்ச் சேர்ந்திருந்தது. தாய்ப்பாலிலும் அது காணப்பட்டது.

பழியைச் சாக்கைப் படிக்கத் தெரியாதவன் தலையிற் சுமத்துவது எளிது. ஆனால் பறவைகள் மாண்டதைக் கண்ட சுவீடன் 1966இலேயே இவ்வகை இரசத்தை விதைக்குப் பூசுவதை நிறுத்தியிருந்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் 1969இல் ஒரு குடும்பம், மருந்து பூசிய தானியம் தின்ற பன்றியின் இறைச்சியை உண்டு ஊனமுற்ற பின்னர், அந்நாடும் 1970இல் அதனைத் தடுத்தது. அங்ஙனம் தடுத்த மறு ஆண்டிலே அதே வகை மருந்து ஈராக்குக்குக் கப்பலேறியது. எச்சரிக்கை எழுதியவர்கள், வாங்குபவன் எந்த மொழி பேசுவான், எந்த மாதம் விதைப்பான் என்று கேட்டிருந்தால் போதும்.

1974இல் பக்தாத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவிற் கூடிய அறிஞர்கள் இவற்றையெல்லாம் ஆராய்ந்தனர். விதை விதைப்புக்கு முன்னரே சென்றடைதல், விதைக்குத் தேவையான அளவுக்கு மேல் கொடாமை, உழவனுடைய மொழியிலே எச்சரித்தல், கழுவினாற் போகாத சாயம், வாயில் வைத்தவுடன் துப்பத் தூண்டும் கசப்பு ஆகியன இத்தகைய மருந்தைக் கையாள்வோர்க்கு வேண்டிய காப்புக்கள். மருந்து பூசுவோர் கையுறை அணிதலும், தூளைச் சுவாசியாமையும், வெறுஞ் சாக்கிலே அரிசியையோ மாவையோ கட்டாமையும் இவற்றோடு சேரும். எஞ்சிய விதையைக் கால்நடைக்கு இடுவதும், குளத்திலோ ஆற்றிலோ கொட்டுவதும் ஆகா.

மினமாத்தாவின் பெயரைத் தாங்கிய பன்னாட்டு உடன்படிக்கை 2013இற் கையெழுத்தாகி 2017இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இரசம் கலந்த பீடைநாசினிகளை உற்பத்தி செய்தலும் ஏற்றுமதி இறக்குமதி செய்தலும் 2020உடன் முடிவுற வேண்டுமென விதிக்கப்பட்டது. இரசத்தின் இடத்தை இன்று வேறு பங்கசு நாசினிகள் பிடித்திருக்கின்றன. அவற்றைப் பூசிய விதைக்கும் சாயமே அடையாளமாக இடப்படுகிறது.