நாற்காலி இல்லாத நூலகம்: ஒரு தென்மாநிலச் சிறுநகரத்தின் 'வசதி' வரலாறு

நகரங்களுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துகிற வேலை அமெரிக்காவில் வெகுகாலமாக நடந்துவருகிறது. நூலகம் எத்தனை, பூங்கா எத்தனை, நீச்சல்குளம் உண்டா, ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று எண்ணிக் கூட்டி, 'வாழ்க்கைத் தரம்' என்று ஒரு எண்ணைக் கையில் கொடுப்பார்கள். எண்ணுகிறவர் கண்ணுக்கு நூலகம் என்றால் ஒரு கட்டடம், புத்தகம், பணியாளர். அதற்குள்ளே யார் போகலாம், யார் உட்காரலாம் என்பது கணக்கில் வராது. இந்தக் கணக்கின் லட்சணத்தைப் புரிந்துகொள்ள வெர்ஜீனியா மாநிலத்தின் தெற்கு எல்லையில் இருக்கிற டான்வில் என்ற ஊரின் கதை போதும்.

புகையிலைச் சந்தையாலும் பஞ்சாலையாலும் வளர்ந்த ஊர் அது. 1960இல் மக்கள்தொகை சுமார் 46 ஆயிரம். அதில் நாலில் ஒரு பங்கு கறுப்பர்கள். ஊரின் பொது நூலகம் சதர்லின் மாளிகையில் இருந்தது. சாதாரண மாளிகை அல்ல. அடிமைமுறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ், தலைநகரான ரிச்மண்ட் விழுந்தபின் ஓடிவந்து 1865 ஏப்ரலில் ஒரு வாரம் தங்கிய வீடு. கூட்டமைப்பின் கடைசித் தலைநகரம் என்று ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொண்ட இடம். அங்கேதான் புத்தகங்களை அடுக்கி 'பொது' என்று பெயர்ப் பலகை மாட்டினார்கள். கறுப்பர்களுக்குத் தனியாக ஒரு சின்னக் கிளை நூலகம். வரி மட்டும் இரு தரப்பிடமும் வாங்கினார்கள்.

1960 ஏப்ரல் தொடக்கத்தில் கறுப்பின உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலர் அந்த மாளிகைக்குள் நுழைந்து புத்தகம் கேட்டார்கள். கொடுக்கவில்லை. வழக்கு பெடரல் நீதிமன்றத்துக்குப் போனது. நிறத்தைக் காட்டி யாரையும் தடுக்கக்கூடாது என்று மே மாதம் உத்தரவு வந்தது. நகர மன்றம் என்ன செய்தது? நூலகத்தையே இழுத்து மூடியது. ஜூனில் ஊராரிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். பெரும்பான்மை, மூடியே கிடக்கட்டும் என்றது. அந்த 'ஊரார்' யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெர்ஜீனியாவில் மாநில, உள்ளூர்த் தேர்தல்களில் வாக்களிக்க ஆண்டுக்கு ஒன்றரை டாலர் தலைவரி கட்ட வேண்டியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கியெறிய 1966 ஆனது. ஏழை வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் வாக்குரிமையே ஒரு எட்டாத 'வசதி'யாக இருந்த காலம்.

செப்டம்பரில் நூலகம் மறுபடி திறந்தது. உள்ளே போனவர்கள் பார்த்தது என்ன? மேசை இல்லை, நாற்காலி இல்லை. எல்லாவற்றையும் அப்புறப்படுத்தியிருந்தார்கள். புத்தகத்தை எடு, நடையைக் கட்டு. அட்டைக்கு 2.50 டாலர் கட்டணம், பரிந்துரைப்பவர்கள் பெயர் கேட்கிற நீளமான விண்ணப்பம் வேறு. சட்டப்படி இப்போது எல்லோரும் சமம்: யாருமே உட்கார முடியாது!

இதில் ஒரு கூத்து உண்டு. வட கரோலினாவில் பத்திரிகை நடத்திய ஹாரி கோல்டன் 1950களின் நடுவில் கேலியாக ஒரு யோசனை எழுதினார். தெற்கில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், ஒரே கடையில் நின்று சாமான் வாங்குகிறார்கள். பக்கத்தில் உட்காரும்போதுதான் பிரச்சனை வருகிறது. ஆகவே பள்ளிக்கூடங்களில் நாற்காலிகளை எடுத்துவிட்டால் போதும் என்றார். சில ஆண்டுகளில் டான்வில் அந்தப் பகடியை நகராட்சி நிர்வாகமாக்கிக் காட்டியது. ஆதிக்கத்தை எழுத்தாளன் எவ்வளவு மிகைப்படுத்தினாலும் அது அவனைத் தாண்டிப் போய்விடுகிறது.

டான்வில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். அலபாமாவின் மாண்ட்கோமரி, 1959 ஜனவரியில் தன் பூங்காக்கள் அத்தனையையும் மூடி 1965 வரை திறக்கவில்லை. வெர்ஜீனியாவிலேயே பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி, 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளைப் பூட்டிவைத்தது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி, கறுப்புப் பிள்ளைகளுக்குத் தெரு. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம் நீச்சல்குளங்களை மூடியபோது, இரு இனத்துக்கும் சமமாகத்தானே மூடியிருக்கிறது, இதில் பாகுபாடு எங்கே என்று 1971இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது. பகிர்ந்துகொள்வதைவிட அழித்துவிடுவது மேல் என்பதுதான் இந்த ஊர்களின் பொது அறிவு. தன் பிள்ளை குளிக்கிற குளத்தைத் தானே மூடுகிறவனுக்கு அந்தக் குளத்தில் கிடைத்த இன்பம் தண்ணீர் மட்டும் அல்ல, அங்கே யார் இல்லை என்பதும்தான்.

இனி வசதியின் மறுமுகம். 1963 ஜூன் 10 இரவு, டான்வில் சிறைக்கு முன்னால் பிரார்த்தனை செய்யக் கூடிய கறுப்பர்கள்மேல் தீயணைப்புக் குழாயால் நீரைப் பீய்ச்சித் தடியால் அடித்தார்கள். போலீசாரோடு சேர்ந்து அடித்தவர்கள், நகராட்சியின் குப்பை அள்ளும் வெள்ளைத் தொழிலாளர்கள். அவர்களுக்கு அந்த நேரத்துக்குக் காவல் அதிகாரம் கொடுக்கப்பட்டிருந்தது. ஏறக்குறைய 50 பேர் காயம்பட்டார்கள். கறுப்பர்களுக்கென ஒதுக்கிய வின்ஸ்லோ மருத்துவமனையில்தான் சிகிச்சை. அந்த நாளை 'ரத்தத் திங்கள்' என்கிறார்கள். குடிநீர், தீயணைப்பு, துப்புரவு என எந்த நகரத்தின் தரப்பட்டியலிலும் முதலில் வருகிறவை இவை. அன்று இரவு இவையே ஆயுதமாயின.

பஞ்சாலையின் கதை இதிலிருந்து விலகியதல்ல. 1882இல் தொடங்கி டான் ரிவர் மில்ஸ் என்று வளர்ந்த கம்பெனி, ஸ்கூல்ஃபீல்ட் என்ற குடியிருப்பையே கட்டியது. வீடு கம்பெனியுடையது, பள்ளிக்கூடமும் பொழுதுபோக்கும் கம்பெனி தயவு. 1930இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வீட்டைக் காலி செய் என்று நோட்டீஸ் வந்தது. கொடையாக வந்த வசதி கொடுத்தவன் கோபப்படும்வரைதான். கறுப்பர்களுக்கோ ஆலையில் பாரம் தூக்குகிற, கூலி குறைந்த வேலைகள்தாம். 1963 போராட்டத்தில் ஆலையின் வேலை வாய்ப்பும் ஒரு கோரிக்கையாக இருந்தது தற்செயல் அல்ல. நாற்காலியைப் பறிகொடுத்த வெள்ளைத் தொழிலாளிக்கு, வீட்டைப் பறித்தவன் யார் என்று தெரிந்திருந்தும், கோபம் போன திசை வேறு.

கம்பெனி 2006இல் மூடப்பட்டது. ஊர் சுருங்கியது. 2020இல் மக்கள்தொகை 42 ஆயிரத்துச் சொச்சம்; ஏறக்குறைய பாதிப்பேர் கறுப்பர்கள். அதே ஆண்டு இன்னொரு வாக்கெடுப்பு நடந்தது. சூதாட்ட விடுதி வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டும் என்றது ஊர். ஸ்கூல்ஃபீல்ட் ஆலை நின்ற நிலத்தில் இப்போது சீசர்ஸ் விடுதி நிற்கிறது. நகரத்துக்குப் புது வசதிகளும் வந்திருக்கின்றன. ஆற்றங்கரையில் நடைபாதை, பழைய புகையிலைக் கிடங்குகளில் அடுக்ககங்கள். இவற்றைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை. வேலை இழந்த ஊருக்கு வேலை வேண்டும். சதர்லின் மாளிகை இன்று அருங்காட்சியகம். அதன் வளாகத்தில் பறந்த கூட்டமைப்புக் கொடியை 2015இல்தான் இறக்கினார்கள்.

ஆனால் கேள்வி பழையதுதான். 1960 செப்டம்பரில் யாராவது டான்விலுக்கு மதிப்பெண் போட்டிருந்தால் 'நூலகம்: உண்டு' என்றுதான் குறித்திருப்பார்கள். புத்தகம் ஒன்றும் குறையவில்லையே! பின்னால் நாற்காலிகள் திரும்பி வந்தன. யாரும் கருணையால் கொண்டுவந்து போடவில்லை. பள்ளிப் பிள்ளைகள் உள்ளே போனதால், வழக்கு நடந்ததால் வந்தன. ஒரு ஊரின் வாழ்க்கைத் தரத்தை அளக்க விரும்புகிறவர்கள், அந்த ஊரில் என்னென்ன இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், எதை யாரோடு பகிர மறுத்து மூடினார்கள், யார் போராடித் திறந்தார்கள் என்று கேட்கட்டும். நம் வாசகர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.