காட்டுக்கோழியின் கழுத்து இறகு



நேற்று ஐந்தருவிப் பக்கம் நடக்கப் போனபோது காட்டுக்கோழிச் சேவல் கூவியது. ஒரு பழைய தப்பு நினைவுக்கு வந்தது. சிறுவயதில், கண்ணியில் செத்த சேவலின் கழுத்து இறகுகளை ஒருவரிடம் நாலணாவுக்கு வாங்கிப் புத்தகத்தில் வைத்திருந்தேன். மெழுகுத் துளி சிந்தியது போல் புள்ளிகள். அந்த அழகே அதற்கு எமன் என்று பின்னால்தான் படித்தேன்.

ஆங்கிலேயர்கள் டிரவுட் மீன் பிடிக்கத் தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டுவார்கள். சேவல் இறகை முள்ளின் நீளத்துக்கும் சுற்றினால் கம்பளிப்பூச்சி போல் சிலிர்த்து நிற்கும். அதற்குப் 'பாமர்' என்று பெயர். தண்ணீருக்குள் இழைகள் அசைய, மீன் ஏமாந்து கவ்வும். இதற்கு வீட்டுச் சேவல் இறகே போதும். நம் காட்டுக்கோழியின் புள்ளி இறகு, சால்மன் மீனுக்கான அலங்காரப் பூச்சிகளுக்குக் கண்ணாக வைக்கப்பட்டது.

டிரவுட்டுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும், குற்றாலத்தில் கிடையாது. நீலகிரியில் கொண்டுவர 1860களில் பிரான்சிஸ் டே முயன்று தோற்றார். 1907 வாக்கில் எச்.சி. வில்சன் காலத்தில்தான் அவலாஞ்சியில் மீன் பொரிப்பகம் அமைந்தது. மீனை வளர்க்க இவ்வளவு பாடுபட்டார்கள். சேவலையும் காக்கும் விரிவான சட்டம் 1972இல் வந்தது.

என் இறகுகளைக் கரையான் தின்றுவிட்டது. அந்த நாலணா மட்டும் மனதில் நிற்கிறது. வாங்க நான் இருந்ததால்தானே அவர் கண்ணி வைத்தார்?

சீசனுக்கு வரும் பிள்ளைகளே, சேவல் கூவினால் நின்று கேளுங்கள். இறகு கிடைக்குமா என்று யாரிடமும் கேட்காதீர்கள்.